உணர்வு மூளையில் உருவாகிறது: நரம்புச் செல்களின் செயல்பாடும் நம் புலனுணர்வும்

அறிமுகம்

கால் அகற்றப்பட்ட பின்னும் அந்தக் காலின் பெருவிரல் வலிப்பதாக ஒருவர் கூறுகிறார். பார்வை குறைந்த மூதாட்டி ஒருவருக்கு, அறையில் இல்லாத மனிதர்கள் நடமாடுவது தெரிகிறது. ஓசையற்ற இரவில் ஒருவரது காதுக்குள் இரைச்சல் கேட்கிறது. சர்க்கரை நோயாளி ஒருவருக்குப் பாதத்தில் ஆணி குத்தியும் வலி தெரியவில்லை.

இவை நான்கும் வெவ்வேறு நோய்நிலைகள். ஆயினும் இவற்றின் அடிப்படை ஒன்றே. நாம் காண்பதும் கேட்பதும் தொடுவதும் வலியை அறிவதும் கண், காது, தோல் ஆகியவற்றில் முழுமை பெறுவதில்லை. அந்த உறுப்புகள் செய்தி அனுப்புகின்றன. அச்செய்தியை உணர்வாக ஆக்குவது மூளையிலுள்ள நரம்புச் செல்களின் செயல்பாடு. ஆகவே, உறுப்பு இல்லாதபோதும் உணர்வு தோன்றலாம். உறுப்பில் காயம் இருந்தும் உணர்வு தோன்றாமல் போகலாம்.

இந்த உண்மை தெரியாததால் நோயாளிகள் பலர் தங்கள் தொல்லையை வெளியே சொல்வதில்லை. "சொன்னால் பைத்தியம் என்பார்கள்" என்ற அச்சமே அதற்குக் காரணம். குடும்பத்தினரும் "காலே இல்லையே, அப்புறம் எப்படி வலிக்கும்?" என்று கேட்டுவிடுகின்றனர். இத்தகைய தொல்லைகள் எவ்வாறு உண்டாகின்றன, அவற்றுக்கு என்ன செய்யலாம், எப்போது மருத்துவரை நாட வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

புலனுணர்வு எவ்வாறு உருவாகிறது?

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. இவை நியூரான்கள் எனப்படும். ஒவ்வொரு நரம்புச் செல்லும் மிகச் சிறிய மின்துடிப்புகளின் வழியே செய்தியை அனுப்புகிறது. ஒரு துடிப்பு ஏறத்தாழ ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். அது நரம்பு இழையின் முனையை அடைந்ததும் அங்கே வேதிப்பொருள் சுரந்து, அடுத்த செல்லைத் தூண்டுகிறது அல்லது அடக்குகிறது.

வலுவான தூண்டலுக்குப் பெரிய துடிப்பும் மெல்லிய தூண்டலுக்குச் சிறிய துடிப்பும் உண்டாவதில்லை. எல்லாத் துடிப்புகளும் ஏறத்தாழ ஒரே அளவினவே. தூண்டல் வலுக்கும்போது, ஒரு விநாடிக்கு எத்தனை துடிப்புகள் என்ற எண்ணிக்கை கூடுகிறது. இதனை 1920களில் இங்கிலாந்தின் எட்கர் ஏட்ரியன் தனித்தனி நரம்பு இழைகளில் பதிவு செய்து காட்டினார். அவருக்கு 1932இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கண்ணிலிருந்து வரும் துடிப்பும் காதிலிருந்து வரும் துடிப்பும் தன்மையில் ஒன்றே என்றால், ஒன்று ஒளியாகவும் மற்றொன்று ஒலியாகவும் தெரிவது எப்படி? துடிப்பு மூளையின் எந்தப் பகுதிக்குச் சென்று சேர்கிறது என்பதே அதை முடிவு செய்கிறது. கண்ணிலிருந்து வரும் நரம்புகளின் செய்தி மூளையின் பின்பகுதியை அடைகிறது. அங்கு உண்டாகும் செயல்பாடு காட்சியாகத் தெரிகிறது. காதின் செய்தி பக்கவாட்டுப் பகுதியை அடைந்து ஒலியாகிறது. மணம் தவிர்த்த ஏனைய புலன்களின் செய்திகள் யாவும் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்னும் பகுதியைக் கடந்தே பெருமூளையின் மேற்பரப்பாகிய புறணியை அடைகின்றன.

இதனை நீங்களே அறிந்திருப்பீர்கள். முழங்கையின் உட்புறம் கதவில் இடித்துக்கொண்டால், சுண்டுவிரலில் மின்சாரம் பாய்ந்தது போல் இருக்கும். சுண்டுவிரலை எதுவும் தொடவில்லை. சுண்டுவிரலிலிருந்து வரும் நரம்பு முழங்கை வழியாகச் செல்கிறது. அந்த நரம்பு வழியில் எங்கே தூண்டப்பட்டாலும், செய்தி சுண்டுவிரலிலிருந்து வந்ததாகவே மூளை எடுத்துக்கொள்கிறது. மூளைக்குத் துடிப்புகள் மட்டுமே தெரியும். அவை பிறந்த இடத்தை அது நேரில் காண்பதில்லை.

மூளையிலுள்ள உடல் வரைபடம்

தொடு உணர்வைப் பெறும் மூளைப் புறணியில், உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி இடம் உண்டு. 1930களில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், வலிப்பு நோய்க்காக மூளை அறுவை செய்துகொண்ட நோயாளிகளிடம் இதனை ஆராய்ந்தார். நோயாளிகள் விழித்த நிலையில் இருந்தனர். மூளைக்கு வலி உணர்வு இல்லையாதலால், தலையின் மேற்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்தாலே போதுமானதாக இருந்தது. புறணியின் ஓரிடத்தில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தியபோது நோயாளி "கட்டை விரல் கூசுகிறது" என்றார். சற்றுத் தள்ளிச் செலுத்தியபோது "உதடு" என்றார்.

இவ்வாறு கிடைத்த வரைபடத்தில் இரண்டு செய்திகள் நோயாளிகளுக்கு முக்கியமானவை.

• முதுகைப் போன்ற பெரிய பரப்புக்குச் சிறிய இடமும், விரல்களுக்கும் உதடுகளுக்கும் மிகப் பெரிய இடமும் ஒதுக்கப்பட்டுள்ளன. நுண்ணிய உணர்வு தேவைப்படும் இடத்துக்கு நரம்புச் செல்கள் மிகுதி.

• உடலில் ஓர் உறுப்பு இல்லாமற்போனாலும் மூளையில் அதற்குரிய இடம் அழிந்துவிடுவதில்லை. கை அகற்றப்பட்டவர் அந்தக் கையின் விரல்களை அசைக்க முயலும்போது, கைக்குரிய மூளைப் பகுதி இன்றும் செயல்படுவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன.

மூளை இடைவெளிகளை நிரப்புகிறது

மூளை, வரும் செய்திக்காக வெறுமனே காத்திருப்பதில்லை. முன் அனுபவத்தைக் கொண்டு, என்ன இருக்கக்கூடும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறது. நம் ஒவ்வொரு கண்ணின் விழித்திரையிலும் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையா. அவ்விடத்தில் நாம் எதையும் காண இயலாது. ஆனால் நம் பார்வையில் கரும்புள்ளி எதுவும் தெரிவதில்லை. சுற்றியுள்ள காட்சியைக் கொண்டு மூளை அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது.

கவனமும் உணர்வை மாற்றும். மின்விசிறியின் ஓசை சிறிது நேரத்தில் நம் கவனத்திலிருந்து மறைகிறது. அதே ஓசையை யாராவது சுட்டிக்காட்டினால் மீண்டும் கேட்கத் தொடங்குகிறது. விசிறி மாறவில்லை, மூளை எதற்கு முதன்மை தருகிறது என்பதே மாறியது.

உணர்வுப் பாதையில் நேரும் கோளாறுகள் மூவகை

1. காயம் இருந்தும் செய்தி மூளைக்கு வராத நிலை: சர்க்கரை நோயில் மரத்துப்போன பாதம்.

2. வர வேண்டிய செய்தி நின்றபின், மூளை தானாக உணர்வை எழுப்பும் நிலை: அகற்றப்பட்ட உறுப்பில் வலி, பார்வை குறைந்தவர்களுக்குத் தெரியும் காட்சிகள், காது இரைச்சல்.

3. செய்தி வந்தும் மூளை அதனைக் கவனத்தில் கொள்ளாத நிலை: பக்கவாதத்துக்குப் பின் ஒருபக்கப் புறக்கணிப்பு.

மரத்துப்போன பாதம்

நீண்டகாலம் கட்டுப்பாடின்றி இருக்கும் சர்க்கரை நோய், உடலின் மிக நீளமான நரம்புகளை முதலில் பாதிக்கிறது. அதனால்தான் மதமதப்பு கால் விரல்களில் தொடங்கி மேல்நோக்கிப் பரவுகிறது. சேதமடைந்த நரம்பு, வேண்டிய செய்தியை அனுப்பத் தவறுகிறது. சில வேளைகளில் காரணமின்றித் தானாகவே துடிப்புகளை எழுப்புகிறது. எனவேதான் ஒரே பாதம் தொட்டால் மரத்தும், இரவில் நெருப்பாக எரிந்தும் தொல்லை தருகிறது. இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. ஒரே சேதத்தின் இரு விளைவுகள்.

இந்நிலையில் வலி இல்லாமை நலத்தின் அடையாளம் ஆகாது. காவல்காரன் உறங்கிவிட்டான் என்பதே அதன் பொருள். ஆகவே வலி செய்ய வேண்டிய வேலையைக் கண்கள் செய்ய வேண்டும்.

• தினமும் இரவில் இரு பாதங்களையும், விரல் இடுக்குகளையும், குதிகாலையும் பாருங்கள். குனிய இயலாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். அல்லது வீட்டிலுள்ளவர் பார்க்கட்டும்.
• வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். வெயிலில் கொதிக்கும் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலுடன் சுற்றுவதும், தீமிதிப்பதும் மரத்த பாதத்துக்குப் பேராபத்து.
• பாத எரிச்சலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.
• செருப்பு அணியுமுன் உள்ளே கல், முள் இருக்கின்றனவா எனக் கையால் தடவிப் பாருங்கள். மென்மையான எம்.சி.ஆர். செருப்பு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.
• கால் ஆணியைப் பிளேடால் நீங்களே வெட்ட வேண்டாம்.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாத உணர்வுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தியும், அதிர்வுக் கவையை வைத்தும் செய்யப்படும் எளிய சோதனை இது, வலி தராது.

அகற்றப்பட்ட உறுப்பில் வலி

விபத்து, சர்க்கரை நோய்ப் புண், இரத்த ஓட்டக் குறைவு, புற்றுநோய் ஆகிய காரணங்களால் கை அல்லது கால் அகற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர், அந்த உறுப்பு இன்னும் இருப்பதாக உணர்கின்றனர். 1871இல் அமெரிக்க மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் இதற்கு "மாய உறுப்பு" என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அவ்விடத்தில் வலியும் உண்டாகிறது. எரிச்சல், மின்னதிர்ச்சி, ஊசி குத்தல், விரல்கள் மடங்கி இறுகிக் கொள்வது போன்ற பிடிப்பு என இது பலவகைப்படும்.

காரணம் ஓரிடத்தில் மட்டும் இல்லை. வெட்டுப்பட்ட நரம்பின் முனையில் முடிச்சுப் போன்ற வளர்ச்சி உண்டாகி, அது தானாகத் துடிப்புகளை எழுப்பலாம். தண்டுவடத்திலுள்ள செல்கள் மிகையாகக் கிளர்ச்சி அடையலாம். மூளை "விரலை நீட்டு" என்று கட்டளை அனுப்பியும், விரல் நீண்டது என்ற பதில் திரும்பி வருவதில்லை. இவை யாவும் சேர்ந்து வலியாகத் தெரிகின்றன. இவ்வலி கற்பனை அன்று. பல் வலியைப் போலவே நரம்புச் செல்களின் செயல்பாட்டால் உண்டாகும் உண்மையான வலி.

சிகிச்சை

மருந்துகள்: நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரைகள் பெரும்பாலும் போதிய பயன் தருவதில்லை. அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின் போன்றவை நரம்புச் செல்களின் மிகைச் செயல்பாட்டைத் தணிப்பவை. மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ தரப்படும் மாத்திரையை ஏன் எழுதினார்கள் என்று அஞ்ச வேண்டாம். இங்கே அது வலிக்காகவே தரப்படுகிறது. பயன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். மருத்துவரிடம் கட்டாயம் தெரிவியுங்கள். முதியோருக்குத் தூக்கக் கலக்கமும் சிறுநீர்த் தடையும் நேரலாம். மருந்தைத் திடீரென நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கண்ணாடிப் பயிற்சி: சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் கலிஃபோர்னியாவில் இம்முறையை வகுத்தார். நிலைக்கண்ணாடி ஒன்றை இரு கால்களுக்கு நடுவே, நலமான காலின் பக்கம் நோக்கி நிறுத்த வேண்டும். கண்ணாடியில் தெரியும் பிம்பம், இல்லாத காலின் இடத்தில் கால் இருப்பதுபோல் காட்டும். நலமான காலை மெல்ல அசைத்தபடி, இரு கால்களும் அசைவதாக எண்ணிப் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். மூளைக்குக் கிடைக்காதிருந்த பதில், கண் வழியே கிடைக்கிறது. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கால் இழந்தவர்கள் நாளொன்றுக்கு 15 நிமிடம் என நான்கு வாரங்கள் இப்பயிற்சியைச் செய்தபோது வலி குறைந்தது. அது சிறிய ஆய்வு. எல்லோருக்கும் ஒரே அளவு பலன் கிடைப்பதில்லை. ஆயினும் செலவு குறைவு, பக்கவிளைவும் குறைவு என்பதால் முயன்று பார்க்கத் தக்கது. முதலில் இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு, பிறகு வீட்டில் செய்யுங்கள். மெட்டி, கொலுசு, மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டால் பிம்பம் இயல்பாகத் தோன்றும். தலைசுற்றலோ மனவேதனையோ மிகுந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கூறுங்கள்.

செயற்கை உறுப்பு: எஞ்சிய பகுதிக்குப் பொருத்தமாக அமைந்த செயற்கைக் காலை முறையாகப் பயன்படுத்துவதும், அப்பகுதியை மென்துணியால் தினமும் தடவிப் பழக்குவதும் பலருக்கு வலியைக் குறைக்கின்றன. செயற்கை உறுப்பு பெறுவதற்கு உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

பல மாதங்கள் அமைதியாக இருந்த வலி திடீரென மிகுந்தால், எஞ்சிய பகுதியில் புண், சீழ், இரத்த ஓட்டக் குறைவு உண்டா எனப் பரிசோதிக்க வேண்டும்.

பார்வை குறைந்தவர்களுக்குத் தெரியும் காட்சிகள்

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் பொனே என்ற இயற்கை அறிஞர் 1760இல் தம் பாட்டனாரைப் பற்றி எழுதினார். பார்வை பெரிதும் குறைந்திருந்த அப்பெரியவருக்கு மனிதர்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எனப் பல காட்சிகள் தெரிந்தன. அவர் தெளிந்த அறிவுடன் இருந்தார். அவை உண்மையல்ல என்பதையும் அறிந்திருந்தார். இந்நிலை இன்று அவ்வறிஞர் பெயராலேயே சார்லஸ் பொனே நோய்க்குறித் தொகுப்பு எனப்படுகிறது.

விழித்திரை மையச் சிதைவு, கண் நீர் அழுத்த நோய், சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பு, முற்றிய கண்புரை ஆகியவற்றால் பார்வை இழந்தவர்களிடம் இது காணப்படுகிறது. கண்ணிலிருந்து செய்தி குறையும்போது, காட்சிக்குரிய மூளைச் செல்கள் ஓய்ந்திருப்பதில்லை. தாமாகவே துடிக்கத் தொடங்குகின்றன. 1998இல் லண்டனில் செய்யப்பட்ட ஸ்கேன் ஆய்வில், முகங்கள் தெரிந்தவர்களுக்கு முகங்களை அறியும் மூளைப் பகுதியும், வண்ணங்கள் தெரிந்தவர்களுக்கு வண்ணத்துக்குரிய பகுதியும் அந்நேரத்தில் செயல்பட்டது பதிவாயிற்று.

இதன் அடையாளங்கள்: காட்சி மட்டும் தெரியும், குரல் கேட்காது. பார்ப்பவர் அது மெய்யல்ல என்பதை உணர்வார் அல்லது எடுத்துச் சொன்னால் ஏற்பார். நினைவாற்றலும் பேச்சும் இயல்பாக இருக்கும். இது மனநோயன்று, பேய் பிசாசும் அன்று.

காட்சி தோன்றும்போது விளக்கைப் போடுங்கள்; எழுந்து சிறிது நடங்கள்; கண்களை இடமும் வலமும் சில முறை அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் காட்சி மறையும். கண் மருத்துவரிடம் சென்று, சரிசெய்யக்கூடிய பார்வைக் குறை உண்டா எனப் பாருங்கள். கண்புரை அறுவைக்குப் பின் சிலருக்கு இக்காட்சிகள் நின்றுவிடுகின்றன. பலருக்குக் காலப்போக்கில் தாமாகவே குறைகின்றன.

ஆனால் குரலும் கேட்டால், காட்சியை மெய்யென நம்பி அஞ்சினால், மறதி, நடுக்கம், காய்ச்சல், குழப்பம் ஆகியவை உடனிருந்தால், அல்லது குடியை நிறுத்திய சில நாள்களில் தோன்றினால், காரணம் வேறாக இருக்கலாம். தாமதியாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காது இரைச்சல்

உட்காதின் நத்தை வடிவக் குழலில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஏறத்தாழ 15,000 மட்டுமே உள்ளன. இரைச்சல் மிகுந்த தொழிற்கூடம், வெடி, காதுக்குள் செருகிப் பேரொலியில் கேட்கும் கருவி, முதுமை, சில மருந்துகள் ஆகியவற்றால் இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. செய்தி குறைந்ததும், வானொலியில் நிலையம் தெளிவாகக் கிடைக்காதபோது ஒலியளவை நாம் கூட்டுவதுபோல், மூளை தன் உணர்திறனைக் கூட்டுகிறது. அப்போது நரம்புச் செல்களின் சாதாரணச் சலசலப்பும் ஒலியாகக் கேட்கிறது.

ஓசை முற்றிலும் அடைக்கப்பட்ட அறையில் அமர்ந்தால், நல்ல செவித்திறன் உள்ளோருக்கும் இத்தகைய ஒலி கேட்கும். 1953இல் வெளியான ஆய்வொன்றில் 80 பேரில் மிகப் பெரும்பாலோர் அவ்வாறு கேட்டதாகக் கூறினர். எனவே முழு அமைதியைத் தேடுவது இரைச்சலை மிகுவிக்கும். உறங்கும்போது மின்விசிறியின் ஓசையோ மெல்லிசையோ இருப்பது நல்லது. காது கேளாமை இருந்தால் காதுக்கருவி அணிவதே பலருக்குச் சிறந்த தீர்வு. அச்சமும் தூக்கமின்மையும் இரைச்சலைப் பெரிதாக்கும். அவற்றுக்கு மனநல ஆலோசனை உதவும். காதில் எண்ணெய் ஊற்றவோ, குச்சி விடவோ வேண்டாம். காதுக் குறும்பி அடைப்பும் காரணமாகலாம். அதனை மருத்துவர் எளிதில் அகற்றுவார்.

பக்கவாதத்துக்குப் பின் ஒரு பக்கத்தை மறத்தல்

மூளையின் வலப்பக்கம் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட சிலர், தமக்கு இடப்புறம் உள்ளவற்றைக் கவனிப்பதில்லை. தட்டில் வலப்பாதியிலுள்ள சோற்றை மட்டும் உண்டுவிட்டு "இன்னும் கொஞ்சம் போடுங்கள்" என்பர். ஒரு பக்க மீசையை மட்டும் மழிப்பர். இடப்புறம் வந்து நிற்பவரை அறியார். கண் நன்றாக இருக்கும், செய்தி வரும், ஆனால் இடப்புற உலகுக்குக் கவனம் செலுத்தும் செல்கள் சேதமடைந்துள்ளன. இதனைப் பிடிவாதம் என்றோ அலட்சியம் என்றோ எண்ண வேண்டாம்.

தொடக்கத்தில் அவரது வலப்புறம் நின்று பேசுங்கள். பின்னர் படிப்படியாக இடப்புறம் திரும்பிப் பார்க்கப் பழக்குங்கள். செய்தித்தாளின் இட ஓரத்தில் சிவப்புக் கோடு இட்டு, அக்கோட்டைக் கண்டபின் வாசிக்கச் சொல்லுங்கள். இடக்கை சக்கர நாற்காலியின் சக்கரத்தில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனியே சாலையைக் கடக்கவோ வண்டி ஓட்டவோ விட வேண்டாம். பலருக்கு முதல் சில மாதங்களில் முன்னேற்றம் தெரியும்.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

• நோயாளி சொல்லும் உணர்வை மறுக்க வேண்டாம். "எனக்குத் தெரியவில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிகிறது என்பதை நம்புகிறேன்" என்று சொல்லுங்கள். இதனால் நோய் வளராது. மறைத்து வைக்கும் பழக்கம் நீங்கும்.
• நம்புவது வேறு, ஒத்துப் பேசுவது வேறு. இல்லாத மனிதர் அறையில் இருப்பதாக நீங்களும் நடிக்க வேண்டாம்.
• எப்போது, எவ்வளவு நேரம், எதனால் மிகுகிறது, எதனால் தணிகிறது என்று குறித்து வையுங்கள். மருத்துவருக்கு இக்குறிப்பு பெரிதும் உதவும்.
• எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒரே பையில் எடுத்து வாருங்கள். சில மருந்துகளே இத்தகைய உணர்வுகளுக்குக் காரணமாக இருக்கக்கூடும்.
• நோயாளி உணர்வு இல்லை என்று சொல்லும் இடத்தை நீங்கள் கண்ணால் பாருங்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரெனத் தளர்தல் அல்லது மரத்துப்போதல், பேச்சுக் குழறுதல். இவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தொடக்கத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 108 அவசர ஊர்தியை அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
• ஒரு கண்ணில் திடீர்ப் பார்வை இழப்பு. மின்னல் வெட்டுவது போன்ற ஒளியுடன் திரை விழுவது போன்ற நிழல்.
• ஒரு காதில் திடீரெனக் கேளாமை. நாடித் துடிப்புடன் சேர்ந்து ஒலிக்கும் இரைச்சல். ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சல்.
• மரத்த பாதத்தில் புண், நிறமாற்றம், வீக்கம், துர்நாற்றம். வலி இல்லாவிடினும் அன்றே காட்டுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளைதான் உணர்வை உண்டாக்குகிறது என்றால், மன உறுதியால் வலியை நிறுத்த முடியாதா?
இயலாது. நரம்புச் செல்களின் செயல்பாடு நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதன்று. ஆனால் நல்ல உறக்கம், பயிற்சி, அச்சம் தணிதல் ஆகியவை அச்செயல்பாட்டை மெல்ல மாற்றுகின்றன.

ஸ்கேன் எடுத்தால் வலி தெரியுமா?
சாதாரண ஸ்கேன், கட்டி, இரத்தக்கசிவு போன்ற அமைப்பு மாற்றங்களைக் காட்டும். செல்களின் மின்துடிப்பை அது காட்டாது. ஸ்கேன் இயல்பாக உள்ளது என்பதற்கு வலி பொய் என்று பொருளன்று.

இந்த மாற்றங்கள் நிலையானவையா?
மூளை பயன்பாட்டுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. பயிற்சி பயன் தருவது அதனால்தான். முழுமையாக நீங்காவிடினும், அன்றாட வாழ்வைத் தடுக்காத அளவுக்குப் பெரும்பாலும் குறைக்க இயலும்.

உதவி எங்கே கிடைக்கும்?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். தேவைக்கேற்ப அரசு மருத்துவமனையின் நரம்பியல், கண், காது மூக்கு தொண்டை, இயன்முறைப் பிரிவுகளுக்கு அனுப்பப்படுவீர்கள். வீட்டைவிட்டு வர இயலாதவர்களுக்கு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சேவையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணையும், மன உளைச்சலுக்கு 14416 எண்ணையும் அழைக்கலாம்.

மருத்துவரிடம் செல்லும்போது, "இதைச் சொன்னால் சிரிப்பார்களோ" என்று நீங்கள் தயங்கும் அந்தச் செய்தியை முதலில் சொல்லுங்கள். உங்கள் நோயைக் கண்டறிய அதுவே வழிகாட்டக்கூடும்.